கடலில் மட்டும் கேட்ட மணி

குருநகர்,
12.02.2025

குளிரூட்டிய அறையில் வாழும் பொறியியலாளர் றொகான் அண்ணைக்கு,

மரியாயே வாழ்க. இங்கே ஒருவருக்கும் சுகமில்லை. அங்கேயும் அப்படியே இருக்கவேண்டும் என்று மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறேன்.

தங்கச்சிக்குத் திடீரென்று தபால்காரர் மேல் என்ன பாசம் என்று யோசிப்பீர்கள். ஒன்றுமில்லை, உங்கள் இலக்கத்தை என் போனில் மறித்துவிட்டேன். போனில் கதைத்தால் உங்கள் தொலைபேசிக் கம்பனி வெட்டும். கடிதத்தை வெட்டுவதென்றால் கத்தரிக்கோல் வேண்டும்.

சனிக்கிழமை நடந்ததை அம்மா அழுதழுது சொல்லியிருப்பா, பாதி விளங்கியிராது. நான் அழாமல் எழுதுகிறேன். நண்டு வலை இழுக்கப் போன அப்பாவின் இஞ்சின் காலை எட்டு மணிபோல நின்றது. எங்கள் வீட்டுச் சட்டம் கொழும்புக் காற்றில் மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். அப்பா ஒருதரம் அடித்து வெட்டினால், கரைக்குத் திரும்பிவிட்டார், ஐஸ் எடுத்துக்கொண்டு படகு அடையும் ஜெற்றிக்குப் போகவேண்டும். அடுத்தடுத்து இருதரம் அடித்து வெட்டினால் இஞ்சின் நின்றுவிட்டது, கனிசியஸ் மாமாவைப் படகோடு அனுப்பவேண்டும். பொலித்தீன் பையில் றப்பர் வளையம் போட்டுக் கட்டிய போனில் ஈரக் கையால் பச்சையை அமத்தலாம், சிவப்பை அமத்தலாம், கதைக்க ஏலாது. இரண்டு பொத்தானில் இருபது வருடம் ஓடிய குடும்பம் நாங்கள்.

அப்பா இருதரம் அடித்தார். அங்கே அவருக்கு மணி கேட்டது. இங்கே அம்மாவின் போனில் ஒரு மணிகூட அடிக்கவில்லை. கனிசியஸ் மாமா வருவார் என்று நம்பிக்கொண்டிருந்த மனிதனை நீரோட்டம் நங்கூரத்தோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. இஞ்சின் கயிற்றை இழுத்து இழுத்து வலது தோள் மூட்டுக் கழன்றது. பின்னேரம் இரண்டு மணிக்கு மண்டைதீவுப் பக்கம் வேறு யாரோ கண்டு கட்டியிழுத்து வந்தார்கள். மூன்று மாதம் வலையைத் தொடக்கூடாதாம்.

அதற்கு முதல் ஒரு கிழமையும் அப்பாவின் ஒற்றை மணி வரவில்லை. அடிக்க மறந்தார் என்று அம்மா ஏசினா. ஐஸ் கொண்டுவர மறந்தாய் என்று அப்பா ஏசினார். இப்போது விளங்குகிறது. பெப்ரவரி முதலாம் திகதி உங்கள் கம்பனி எங்கள் போனுக்கெல்லாம் ஒரு செய்தி அனுப்பியது: "அமைதிக் காவல். தொல்லை அழைப்புகள் இனி இல்லை. உங்கள் பகுதியில் பரீட்சார்த்தமாக." டிசம்பரில் நத்தாருக்கு வந்தபோது நீங்கள் மீசை முறுக்கிச் சொன்ன அதே அமைதிக் காவல்.

பொறியியல் படித்தது பொறி வைக்கவா, அண்ணை?

மறுமொழி எழுதத் தேவையில்லை. எழுதினால் வாசிப்பேன்.

உங்களை மறித்து வைத்திருக்கும்,
லவீனா


கொழும்பு,
21.02.2025

லவீனாவுக்கு,

நான் சுகம். நீ கொளுத்திய மெழுகுதிரி அணைந்திருக்க வேண்டும். அப்பாவின் தோளுக்குப் பூசும் மருந்தை அம்மாவிடம் அனுப்பியிருக்கிறேன், நேரத்துக்குப் பூசிவிடு.

உனக்குப் பதினாறு வயது. உன் வாய்க்கு அறுபது.

ஒருதரம் அடித்து வெட்டும் மோசடிக்காரர்கள் இருக்கிறார்கள். யாரோ கூப்பிட்டார்கள் என்று சனம் திருப்பி எடுத்தால் அந்தச் சனத்தின் தலையில் கட்டணம் விழும். அதைத் தடுக்கத்தான் இந்தச் சேவை. வரும் ஒவ்வோர் அழைப்பையும் வலையமைப்பு ஆறு விநாடி பிடித்து வைக்கும். அதற்குள் வெட்டினால் அந்த அழைப்பு எதிர்முனைக்குப் போகவே போகாது. எங்கள் அணியின் முடிவு அது. அப்பாவைப்போல அடித்து வெட்டுகிறவர்களை அணி நினைக்கவில்லை. அதற்காக நான் வருந்துகிறேன்.

ஆனால் நீ எனக்கு மணியடிக்கப் படிப்பிக்காதே. பொங்கல் கிழமை அப்பா கரைக்கு வந்து கால் கழுவிக்கொண்டிருக்க, அவருடைய போனிலிருந்து அம்மாவின் போனுக்கு இரண்டு அடித்து, அதைக் கொண்டுபோய்க் காட்டி, கனிசியஸ் மாமாவை அந்தக் காற்றில் கடலுக்கு ஓடவிட்டது யார்? ஜெற்றியில் நின்று கைதட்டினாயாம். அம்மா சொன்னா.

அப்பாவைப் பார்த்துக்கொள்.

றொகான்


குருநகர்,
27.02.2025

அணியின் அண்ணைக்கு,

மாதா உங்களைக் காப்பாற்றுவாவாக, எங்களைக் காப்பாற்ற உங்கள் வலையமைப்பு இருக்கிறதால்.

மருந்து வந்தது. அதைப் பூசினால் வீடு முழுக்கக் கற்பூர வாசம். வீட்டுக்குள்ளேயே திருவிழா நடக்கிறது, மாதா சுரூபத்துக்குப் பதில் அப்பாதான் கதிரையில் சாய்ந்திருக்கிறார்.

அப்பாவின் வலையில் ஓட்டை விழுந்தால் அவரே குந்தியிருந்து பொத்துவார். உங்கள் வலையில் ஓட்டை விழுந்தால் "அணி" வருந்துகிறது. சரி, வருந்தட்டும். எனக்கு வேறு ஒரு சந்தேகம். மூன்று இரவாக அதைத்தான் மென்றுகொண்டிருக்கிறேன்.

எங்களுக்கு மணி அடிக்கவில்லை என்பது விளங்குகிறது. நீங்கள் பிடித்து வைத்தீர்கள். ஆனால் அப்பாவுக்கு எப்படி மணி கேட்டது? நேற்றும் கேட்டேன். "ஓம் பிள்ளை, நல்லாக் கேட்டது. ட்ரிங் ட்ரிங் எண்டு ரெண்டு கேட்டாப் பிறகுதானே நான் வெட்டுறனான்" என்கிறார்.

இங்கே அடிக்காத மணி அங்கே எப்படிக் கேட்கும்? ஒன்றும் கேட்காமல் விட்டிருந்தால் போன் வேலை செய்யவில்லை என்று மனிதனுக்கு விளங்கியிருக்கும். எட்டு மணிக்கே சட்டையைக் கழற்றி ஆட்டியிருப்பார். அந்த நேரம் பக்கத்தில் மூன்று படகு போயிருக்கிறது. செய்தி போய்விட்டது என்று நம்பி, போன படகுகளுக்குத் தலையை ஆட்டிவிட்டு இருந்திருக்கிறார்.

பகிடி விடுகிறவளுக்குப் பகிடியின் மணம் தெரியும். யாரோ அப்பாவுக்குப் பகிடி விட்டிருக்கிறார்கள். யார்?

மூக்குள்ள தங்கை,
லவீனா


கொழும்பு,
12.03.2025

லவீனாவுக்கு,

சுகம். கொஞ்சம் வேலை, அதனால் பதில் சுணங்கிவிட்டது. சாப்பிடுகிறாயா என்று அம்மா கவலைப்படுகிறா.

நீ கேட்டது நியாயமான கேள்வி.

தொலைபேசிக்கென்று உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட தரநிலைகள் உண்டு. ஒரு நாட்டில் செய்த போனும் இன்னொரு நாட்டில் செய்த கோபுரமும் முன்பின் தெரியாமல் ஒன்றையொன்று நம்புவது அதனால்தான். நாங்கள் எந்தப் புதுச் சேவையைச் செய்தாலும் அந்தத் தரநிலைக்குள் நின்று செய்யவேண்டும். அதில் ஒரு சின்ன விதி. எதிர்முனையில் இருக்கும் போன், "எனக்கு மணி அடிக்கத் தொடங்கிவிட்டது" என்று திருப்பிச் சொல்லவேண்டும். அதற்குப் பிறகுதான் கூப்பிட்டவர் காதில் மணியோசை கேட்கலாம். அங்கே அடித்தால்தான் இங்கே கேட்கும். நூறு பக்கத்தில் அது ஒரு வரி.

ஆறு விநாடி பிடித்து வைக்கும்போது, கூப்பிடுகிறவருக்கு வெறும் மௌனம் கேட்கும். போன் பழுது என்று முறைப்பாடு குவியும் என்று பயம். ஆகவே அந்த ஆறு விநாடிக்கும் ஒரு மணியோசை போடப்பட்டது.

இன்னொன்று. அன்று ஒன்பதரைபோல இரண்டுதரம் வெட்டாமல் நீளமாக அடியவிட்டதாகவும் அதற்கும் பதிலில்லை என்றும் அப்பா போனில் சொன்னார். ஆறு விநாடியைத் தாண்டினால் அந்த அழைப்பு வந்தே தீரும். நீ ஒரு மணிகூட அடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். இது எனக்கு விளங்கவில்லை. அம்மாவின் இலக்கத்தின் அன்றைய பதிவை எடுக்க அம்மாவின் கையெழுத்து வேண்டும். படிவம் இதற்குள் இருக்கிறது. வாங்கி அனுப்பு. யூலை முதலாம் திகதி இந்தச் சேவை நாடு முழுவதும் போகிறது, அதற்கு முதல் இதை விளங்கிக்கொள்ளவேண்டும்.

றொகான்


குருநகர்,
20.03.2025

"போடப்பட்டது" என்று எழுதிய அண்ணைக்கு,

நாங்கள் சுகமாக வைக்கப்பட்டிருக்கிறோம். நீங்களும் சுகமாக வைக்கப்படுவீர்களாக.

யாரால் போடப்பட்டது, அண்ணை? பேயாலா? எங்கள் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் ரீச்சருக்குக் கொம்பு வரையப்பட்டபோது நானும் அப்படித்தான் சொன்னேன். என்னை முழங்காலில் நிற்கவைத்தார்கள். உங்கள் கம்பனிக் கந்தோரில் முழங்காலுக்குக் கம்பளம் விரித்திருக்கிறார்களா?

தரநிலை நல்ல சாமான் போலிருக்கிறது. நூறு பக்கத்தில் ஒரு வரி நேர்மையாக இருந்திருக்கிறது, அதையும் நீங்கள் விட்டுவைக்கவில்லை. ஒரு பொய் மணிக்குப் பெயர் சேவையாம். நான் செய்தால் சேட்டையாம்.

அப்பா இடக்கையால் வலை பொத்தப் பழகுகிறார். ஊசி நழுவ நழுவப் பொறுக்குகிறார், யாரையும் உதவிக்குக் கூப்பிடுவதில்லை. கனிசியஸ் மாமா இரண்டு நாளைக்கு ஒருதரம் கறிக்கு மீன் கொண்டுவந்து வாசல் படலையில் கொழுவிவிட்டுப் போகிறார். நான் படலையடிக்குப் போனால் வேலியைப் பார்த்துக் கதைப்பார். "யசிந்தாக்கா, மீன் கிடக்குது" என்று அம்மாவைக் கூப்பிடுவார், அவ குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்தாலும்.

கணிதத்துக்கு எண்பத்தொன்று. என் வகுப்புப் பிரியந்தினிக்கு எழுபத்தாறு. வேறு விசேஷமில்லை.

லவீனா


கொழும்பு,
09.04.2025

லவீனாவுக்கு,

ஈஸ்டருக்கு முந்திய பெரிய கிழமை வருகிறது. நான் வரமுடியாது. அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

படிவத்தைப்பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. அம்மாவைக் கேட்டேன். அலுமாரி லாச்சியில் உன் கொப்பிகளுக்கு அடியில் கிடந்ததாம். அவவே கையெழுத்து வைத்து அனுப்பினா. பதிவு வந்துவிட்டது. கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

8.14 — பிடித்து வைக்கப்பட்டது. எதிர்முனையில் மணி இல்லை.
8.15 — பிடித்து வைக்கப்பட்டது. எதிர்முனையில் மணி இல்லை.
9.31 — எதிர்முனையில் இருபத்திரண்டு விநாடி மணி அடித்தது. எடுக்கப்படவில்லை.
9.33 — எதிர்முனையில் இருபத்திரண்டு விநாடி மணி அடித்தது. எடுக்கப்படவில்லை.

அன்று எங்கள் வட்டாரத்துக்குக் கோயில் கூட்டும் முறை, அம்மா அங்கே. போன் வீட்டில், உன்னிடம்.

நான் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. நீ என்னைக் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அந்தப் பொய் மணியைப் போட்டது அணியில்லை, நான். தரநிலையில் அந்த வரி இருப்பது எனக்குத் தெரியும். ஆறு விநாடிப் பொய்யால் யார் சாகப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

இது தரநிலைக்கு மாறானது என்று கம்பனியின் மீளாய்வுக் குழுவுக்கு எழுதப்போகிறேன், என் பெயரோடு. அதனால் என்ன கேடு நடந்தது என்று பாதிக்கப்பட்டவர் தரப்பு வாக்குமூலம் ஒன்றும் வேண்டும். அன்று போனோடு இருந்தது நீ. நீதான் எழுதவேண்டும். அது பதிவோடு ஒத்துப்போகவேண்டும்.

றொகான்


கொழும்பு,
18.05.2025

லவீனா,

ஐந்து கிழமை. தபால்காரருக்குச் சுகமில்லையா, உனக்கா?

குழு யூன் பத்தாம் திகதிவரைதான் பார்க்கும். "ஒரு மணிகூட அடிக்கவில்லை" என்று நீ எழுதினால், பதிவைக் காட்டி என் அறிக்கையைக் குப்பையில் போடுவார்கள். யூலையில் நாடு முழுக்க அந்தப் பொய் மணி கேட்கும். எத்தனை வீட்டில் எத்தனை அப்பாமார் பச்சையை அமத்துகிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

அப்பா அடுத்த மாதம் கடலுக்குப் போகப்போகிறாராம். அதுவும் உனக்குத் தெரியும்.

றொகான்


குருநகர்,
24.05.2025

உங்களுக்கு,

நலம் விசாரிக்க மனமில்லை.

நீங்கள் நானூறு கிலோமீற்றருக்கு அங்காலிருந்து ஒப்புக்கொள்ளுகிறீர்கள். கடிதத்தை ஒட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கலாம். நான் ஒப்புக்கொண்டால், ஒப்புக்கொண்ட முகத்தோடு அப்பாவுக்குச் சோறு போடவேண்டும். தோளுக்கு மருந்தும் நான்தான் பூசுகிறேன்.

நல்ல பொறி, அண்ணை. இந்தமுறை உண்மையாகவே நல்ல பொறி.

லவீனா


குருநகர்,
03.06.2025

தொழில்நுட்ப மீளாய்வுக் குழுவுக்கு,
பிரதி: றொகான் கிறகோரி

ஐயா, அம்மா,

என் பெயர் லவீனா. மீனவர் கிறகோரியின் மகள். 08.02.2025 சனிக்கிழமை அம்மாவின் போன் என்னிடம் இருந்தது.

காலை 8.14க்கும் 8.15க்கும் அப்பா அடித்த இரண்டு அழைப்பும் எனக்குக் கேட்கவில்லை. போனிலும் பதியவில்லை. அப்பாவுக்கு மணி கேட்டது. உதவி வருகிறது என்று நினைத்து, பக்கத்தால் போன படகுகளை அவர் கூப்பிடவில்லை. இப்படி ஒரு மணித்தியாலமும் பதினாறு நிமிடமும் போனது.

9.31க்கும் 9.33க்கும் போன் அடித்தது. எனக்குக் கேட்டது. கடலிலிருந்து வரும் அழைப்பை எங்கள் வீட்டில் எடுப்பதில்லை, எண்ணுவதுதான் வழக்கம். அதனால் எடுக்கவில்லை. இரண்டு என்று எண்ணினேன். இரண்டு என்றால் இஞ்சின் நின்றுவிட்டது என்று எனக்குத் தெரியும்.

நான் கனிசியஸ் மாமாவிடம் போகவில்லை. தை மாதத்தில் நான் பகிடிக்காக இரண்டு அடித்து அவரைக் கடலுக்கு அனுப்பியிருந்தேன். "இனி ரெண்டெண்டு சொல்லிக்கொண்டு என்ரை வாசல் மிதிச்சியெண்டால் துடுப்பாலை விழும்" என்று அவர் சொல்லியிருந்தார். ஏச்சுக்குப் பயந்து, அம்மா வரட்டும் என்று இருந்தேன். அம்மா வர ஐம்பது நிமிடம் ஆனது. அப்போது, ஏன் இவ்வளவு நேரமும் சும்மா இருந்தாய் என்று கேட்பா என்று பயம் வந்தது. இரண்டு அழைப்பையும் போனிலிருந்து அழித்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

அப்பாவின் தோள் எத்தனை மணிக்குக் கழன்றது என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

8.14க்குப் பொய் மணி கேட்டிராவிட்டால் அப்பா வேறு வழி தேடியிருப்பார். அது உங்கள் பிழை. 9.33க்குப் பிறகு நடந்தது என் பிழை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பவேண்டாம்.

இதை அப்பா, அம்மா, கனிசியஸ் மாமா மூவருக்கும் வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்து வைக்கிறேன்.

கி. லவீனா


கொழும்பு,
29.06.2025

லவீனாவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? உண்மையாகக் கேட்கிறேன்.

குழு உன் வாக்குமூலத்தை முழுமையாக வாசித்தது. சத்தம் போட்டு வாசித்தார்கள், நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு விநாடி பிடித்து வைப்பது தொடரும். பொய் மணி போய்விட்டது. நாளை மறுநாளிலிருந்து, எதிர்முனை அடிக்கும்வரை கூப்பிட்டவருக்கு மௌனம்தான் கேட்கும். மணி கேட்டால் அது உண்மையான மணி. அப்பாவிடம் சொல்லு: மௌனத்தில் வெட்டவேண்டாம், கேட்ட பிறகு வெட்டட்டும்.

என்னை அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது முறைப்பாட்டுப் பிரிவு. போன் பழுது, ஒன்றும் கேட்கவில்லை என்று காலையிலிருந்து சனம் ஏசும். ஏசட்டும்.

வாசித்துக் காட்டியபோது அப்பா என்ன சொன்னார்? அம்மாவைக் கேட்டால் அழுகிறா.

றொகான்


குருநகர்,
19.07.2025

முறைப்பாட்டுப் பிரிவு அண்ணைக்கு,

மரியாயே வாழ்க. நாங்கள் சுகம். உங்களுக்குக் காது சுகமா?

முறைப்பாடு ஒன்று: நீங்கள் கேட்ட கேள்விக்கு இருபது நாளாக என்னால் பதில் எழுத முடியவில்லை.

வாசித்து முடித்தபோது அம்மா குசினிக்குள் போய்விட்டா. கனிசியஸ் மாமா எழும்பி, முதல்தரமாக என் முகத்தைப் பார்த்து, "நீ வந்து சொல்லியிருந்தால் நான் ஏசியிருப்பன். ஏசிக்கொண்டு போயிருப்பன்டி, விசரி" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு திரும்பவும் வேலியோடுதான் கதை.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. என் பகிடிகளையெல்லாம் விட அது மோசமான பகிடி. ஒரு மாதத்துக்கு மேல் என்னோடு கதைக்கவில்லை. மருந்து பூசப் போனால் தானே இடக்கையால் பூசிக்கொண்டார்.

போன திங்கட்கிழமை கடலுக்கு வெளிக்கிட்டார். போனைப் பையில் கட்டிக்கொண்டு, அம்மாவைப் பார்த்துச் சொல்வதுபோல எனக்குச் சொன்னார்:

"இனி நான் வெட்டமாட்டன். நான் அடிச்சுக்கொண்டே இருப்பன். ஆர் கேக்கினமோ அவை வெட்டட்டும். வெட்டுப்பட்டால்தான் எனக்கு விளங்கும், செய்தி போய்ச்சேர்ந்திட்டுதெண்டு."

அம்மா கேட்டா, "வெட்டாட்டில்?"

"வெட்டாட்டில் ஒருத்தரும் இல்லையெண்டு நினைச்சு நான் என்ரை வழியைப் பாக்கிறன்."

அண்ணை, உங்கள் நூறு பக்கத்தில் இருக்கும் அந்த ஒரு வரியை நான் அவருக்கு ஒருநாளும் சொல்லவில்லை, அவராகவே கண்டுபிடித்துவிட்டார்.

பிறகு போகும்போது அம்மாவின் போனை எடுத்து என் மேசையில், கணிதக் கொப்பியின் மேல் வைத்துவிட்டுப் போனார். என்னைப் பார்க்கவில்லை. பத்து மணியாகிறவரை நான் தண்ணீர் குடிக்கக்கூட எழும்பவில்லை. 10.07க்கு அடித்தது. சிவப்பை அமத்தினேன். இரண்டுதரம் அமத்தவேண்டியிருந்தது, விரல் வழுக்கியது. எனக்கு ஈரக் கையில்லை, வியர்வை. இரண்டாவது வருகிறதா என்று காத்திருந்தேன். வரவில்லை. ஐஸைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

ஜெற்றியில் அப்பா நண்டுப் பெட்டியை இறக்கிக்கொண்டு, "ஆர் வெட்டினது?" என்றார்.

"நான்தான்."

"சுணங்கிப்போச்சு" என்றார்.

ஆறு கிழமைக்குப் பிறகு எனக்குக் கிடைத்த முதலாவது சொல். ஏச்சுத்தான். இருந்தாலும் என்னுடையது.

எங்கள் கோயில் யாகப்பர் திருநாளுக்கு நீங்கள் வருவதாக அம்மா சொல்கிறா. உங்களோடு இன்னும் கோபம்தான், படலையைத் திறந்துவைப்பேன் என்று நினைக்கவேண்டாம். ஆனால் உங்கள் இலக்கத்தை நேற்று விடுவித்துவிட்டேன். நீங்கள் வரும் கோச்சி கொடிகாமம் ஸ்ரேசனைத் தாண்டியதும் அடியுங்கள்.

நான் வெட்டுவேன்.

லவீனா